அட்ரஸ் அக்கா படித்த ஒரே வார்த்தை

அந்தக் கிடங்கில் ஒரு பெட்டி காணாமல் போனால் முதலில் கம்ப்யூட்டரைக் கேட்பார்கள். கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டால் அட்ரஸ் அக்காவைக் கேட்பார்கள். நேரே அக்காவிடமே போயிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் அதற்கென்று சில வீம்புகள் இருக்கத்தானே செய்யும்?

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. லாரியில் வந்திறங்கும் சரக்கை ரேக்குகளில் கொண்டுபோய் அடுக்குவது அவள் வேலை. பதினான்கு சந்துகள், ஒவ்வொரு சந்திலும் இருபுறமும் சேர்த்து அறுபது ரேக்குகள், ஒவ்வொரு ரேக்கிலும் ஐந்து தட்டுகள். இதில் எது எங்கே என்று கேட்டால் போதும், டிராலியைத் தள்ளிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். “மூணாவது சந்து, இருபத்தொண்ணு, ரெண்டாம் தட்டு. முன்னாடி ஒரு பெட்டி மறைச்சிட்டு நிக்கும், அதை நகர்த்திட்டு எடுங்க.” பெயர்தான் அவளுக்கு நிற்காது. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சோப்பின் பெயரைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கூட வேலை பார்ப்பவர்களின் பெயரே சட்டென்று வராது, யாருக்கு எந்த லாக்கர் என்பது மட்டும் பிசகாது. “அந்த இருபத்தாறாம் நம்பர் லாக்கர் பொண்ணு இன்னைக்கு வரலையா?” என்றுதான் விசாரிப்பாள். அட்ரஸ் என்ற பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே தனிக் கதை. பள்ளிக்கூடத்தில் கணக்குக்குத் தொண்ணூறு வாங்கியவளை இங்கிலீஷ்தான் எட்டாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பியது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கிடங்குக்குள் துடைப்பத்தோடுதான் நுழைந்தாள். மூன்று வருஷம் பதினான்கு சந்துகளையும் பெருக்கினாள். ஒருநாள் ஒரு மருந்துப் பெட்டியைக் காணோம் என்று எட்டுப் பேர் ஏணி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் பெருக்குவதை நிறுத்தாமலே, “ஒன்பதாவது சந்துல மூணாம் தட்டுல தப்பா வெச்சிருக்காங்க, நான் தினமும் பார்க்கிறேனே” என்றாள். போய்ப் பார்த்தால் அங்கேதான் இருந்தது. மறுவாரமே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு டிராலியையும் ஒரு நீலக் கோட்டையும் கொடுத்தார்கள். அன்று அந்தக் கோட்டோடேயே வீட்டுக்கு வந்தாள். கழற்ற மனசே வரவில்லை.

அதற்கப்புறம் பதினாறு வருஷம் நீலக் கோட்டு. அவள் பாட்டுக்கு அவள் வேலை, யாரிடமும் ஒரு சொல் வாங்கியதில்லை. அப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை காலையில் மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து, மேசைமேல் நாற்பது ஹெட்செட்டுகளைப் பரப்பினார். கெட்ட மனிதர் இல்லை அவர். மேலிடத்திலிருந்து வந்த எதையும் புது மாப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்ப்பார், அவ்வளவுதான்.

“இனிமே பேப்பர் வேண்டாம், ஸ்கிரீன் வேண்டாம். என்ன செய்யணும்னு இது காதுல சொல்லும், நீங்க செய்யணும். அடுத்த வாரம் சனிக்கிழமை எல்லாருக்கும் டெஸ்ட். நூறு ஆர்டர் வரும். தொண்ணூத்தஞ்சு சரியா செஞ்சவங்க இதே வேலையில ஃப்ளோர்ல இருக்கலாம்.”

“செய்யாதவங்க?” என்று கேட்டார் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் அண்ணன். அவருக்கும் அக்காவுக்கும் பதினாறு வருஷமாகப் பேச்சு என்றாலே சண்டைதான். ஆனால் அன்று அவர் கேட்டது இரண்டு பேருக்கும் சேர்த்து.

“யாருக்கும் வேலை போகாது, பயப்படாதீங்க. ஹவுஸ்கீப்பிங்குக்கு மாத்திடுவோம்.”

ஹவுஸ்கீப்பிங் என்பது துடைப்பத்துக்கு ஆபீஸ் வைத்திருந்த செல்லப்பெயர். மேனேஜர் யாரையும் குறிவைத்துச் சொல்லவில்லை. அக்காதான் தன் கோட்டின் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

ஹெட்செட்டை மாட்டியதும் உள்ளே ஒரு பெண் பேசினாள். இங்கிலீஷில், இரும்புக் குரலில், மூச்சே விடாமல். சொன்னதைச் செய்யாமல் நின்றால் அதையே மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை அந்தக் குரலில் ஒரு சலிப்பு தெரிந்ததாகப் பல பேர் சத்தியம் செய்தார்கள். ஒழுங்காகச் செய்தாலும் நல்ல வார்த்தை ஒன்று கிடையாது, உடனே அடுத்த வேலை. மத்தியானத்துக்குள் அவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்தாயிற்று.

இந்த மாமியாரிடம் ஒரு விசேஷம். எந்த வேலையைச் சொன்னாலும் ‘புட்’ என்றுதான் ஆரம்பிப்பாள். சரக்கை ரேக்கில் சேர்க்க வேண்டுமா, புட் அவே. எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்க வேண்டுமா, புட் பேக். உடைந்ததை ஒதுக்கினால் புட் அசைட், மேல் தட்டுக்கு ஏற்றினால் புட் அப், தரையில் இறக்கினால் புட் டவுன். இரண்டு அரைப் பெட்டிகளை ஒன்றாக்குவது புட் டுகெதர். லாரி நிற்கும் கதவுக்கு வெளியே தள்ளுவது புட் அவுட். இந்த வேலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஒரு புட், புட் ஆஃப். இப்படி மொத்தம் பதின்மூன்று. அந்தக் குரலுக்கு வசனம் எழுதிய மகானுக்குப் பள்ளிக்கூடத்தில் வேறு வினைச்சொல்லே சொல்லித்தரவில்லை போலிருக்கிறது.

எண்கள் அக்காவுக்குத் தகராறு இல்லை. ரேக் எண்ணும் தட்டு எண்ணும் இங்கிலீஷில் எத்தனையோ வருஷமாகக் காதில் விழுவதுதான். இந்த ஒரு வார்த்தையும் அதன் பதின்மூன்று வால்களும்தான் அவளைப் படுத்தின. ஹெட்செட் கம்பெனியிலிருந்து பயிற்சி கொடுக்க ஒரு இளைஞர் வந்திருந்தார். முதல் நாள் பயிற்சி முடிந்ததும் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து, “நூத்துக்கு முப்பத்தொண்ணுக்கா” என்றார், ஏதோ தான் செய்த தப்பு மாதிரி.

அன்று சாயங்காலம் வீட்டில் இதுதான் பேச்சு. மகள் கல்லூரியில் படிக்கிறாள். அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டாள்.

“அம்மா, இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ரெண்டரைப் பக்கம்மா!”

“ரெண்டரைப் பக்கமா? அப்படி என்னடி சொல்றான்?”

“வைங்கிறான், போடுங்கிறான், அப்புறம் பின்னாடி வர்ற வாலைப் பொறுத்து என்னென்னமோ ஆகுதுங்கிறான்.”

அக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் சாலையில், மூன்று நாள் பாயில். அந்த மூன்று நாளில் ஒரு நாள் அது. படுத்தபடியே பேச்சில் நுழைந்தார்.

“போடுன்னா நமக்குத் தெரியாததா என்ன? சட்டை போடு, சண்டை போடு, ஊசி போடு, கையெழுத்து போடு.”

“கணக்கு போடு, பூட்டு போடு, சத்தம் போடு” என்றாள் மகள்.

“தூக்கம் போடு” என்றாள் அக்கா, அவரைப் பார்த்து.

“அதை ஏன் என்னைப் பார்த்துச் சொல்றே? மட்டம் போடு, தாளம் போடு, ஜால்ரா போடு. கடைசி ரெண்டும் உங்க மேனேஜருக்கு.”

மகள் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டே போனாள். சாப்பாடு ஆறிப்போகிற வரைக்கும் எழுதியும் போடு தீரவில்லை. முப்பத்தெட்டாவதில் நிறுத்திவிட்டு அகராதியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். பாதிக்கு மேல் ஒட்டவில்லை. இங்கிலீஷ்காரர்கள் சண்டையைப் போடுவதில்லையாம், சாப்பாட்டையும் போடுவதில்லையாம். ஆனால் சில இடங்களில் அவள் கண் விரிந்தது.

“அம்மா, சட்டை போடறதும் அவங்களுக்கு இதே வார்த்தைதான். சதை போடறதும் இதேதான். வேஷம் போடறதுகூட அப்படித்தான்! இங்கே பாரேன், தள்ளிப் போடறது. அதுதான் உன் புட் ஆஃப்!”

“பாவம், அவங்களும் நம்மள மாதிரியே எல்லாத்தையும் ஒரே வார்த்தையில போட்டு அடைச்சிருக்காங்க” என்று அனுதாபப்பட்டார் கணவர்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலீஷ் என்பது எங்கோ பூட்டிவைத்த வீடு என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் அங்கேயும் நம் வீட்டு அண்டா குண்டா மாதிரி ஏதோ இருக்கிறது. அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். மகள் பதின்மூன்று வால்களையும் தமிழ் எழுத்தில், பக்கத்தில் அர்த்தத்தோடு, அகரவரிசைப்படி அழகாக எழுதி ஒரு தாளில் கொடுத்தாள்.

ஆனால் சந்தோஷம் வேறு, டெஸ்ட் வேறு. மறுநாள் மாமியார் காதில் ஒவ்வொரு ஆர்டராகச் சொல்லச் சொல்ல, அக்கா மனசுக்குள் “போடு” என்று மாற்றிக்கொண்டு, வாலைப் பிடிப்பதற்குள் வால் ஓடிப்போனது. எல்லாம் போடுதான், எங்கே போடுவது? நாற்பத்து நாலு வந்தது. தாளை வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவும்போது உருப்போட்டாள், துணி உலர்த்தும்போது உருப்போட்டாள். ஐம்பத்திரண்டு வந்தது. தாளில் மேலிருந்து கீழே சொல்லச் சொன்னால் கடகடவென்று ஒப்பித்தாள். நடுவில் ஒன்றை உருவிக் கேட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் வந்தது. அதற்குள் மாமியார் மூன்று முறை சலித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்காமல் பதினான்காவது சந்துக்குப் போய் உட்கார்ந்தாள். புதுச் சரக்குக்காக அந்தச் சந்தைக் காலி பண்ணி வைத்திருந்தார்கள். வெறும் ரேக்குகள் இரண்டு பக்கமும் நின்றன. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஆறாயிரம் பெட்டி தலைக்குள் இருக்கிறது, பதின்மூன்று வார்த்தை நிற்கமாட்டேன் என்கிறதா? அந்த ஆறாயிரத்தை என்ன, தாளில் எழுதி உருப்போட்டா தலைக்குள் வைத்தாள்? ஒன்றின் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான்.

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுந்தாள். பெட்டிகளில் ஒட்டும் வெள்ளைச் சீட்டுகளைக் கொண்டுவந்து, மகள் கொடுத்த தாளைப் பார்த்து, முதல் ரேக்கில் ‘அசைட்’ என்று தமிழில் எழுதி ஒட்டினாள். அதற்குள் ஒரு கிழிந்த அட்டைப்பெட்டியை வைத்தாள். இரண்டாவது ரேக்கில் ‘அப்’. அதன் மேல் தட்டில் ஒரு காலிப் பெட்டி. இப்படியே பதின்மூன்று ரேக். முடித்துவிட்டு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். யாராவது பார்த்திருந்தால் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் பார்த்தார், நினைத்தார், சொல்லவும் செய்தார்.

“என்ன, காலி ரேக்குக்குக் காவலா?”

“உங்க வேலையைப் பாருங்கண்ணே.”

வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று. சனிக்கிழமை எண்பத்து நாலு. பயிற்சிக்காரர் டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தார், பழுதோ என்று. திங்கட்கிழமை எண்பத்தொன்பது. இப்போது மாமியார் “புட்” என்று சொல்லும்போதே அக்காவின் கால் தயாராக இருந்தது. வால் காதில் விழுந்ததும் பதினான்காவது சந்தில் ஒரு ரேக் கண்முன் வந்து நின்றது. அதற்குள் இருந்த சாமான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியது.

ஆனால் மதிப்பெண் அங்கேயே நின்றும் போனது. செவ்வாய்க்கிழமை எண்பத்தெட்டு, புதன்கிழமை மறுபடியும் எண்பத்தொன்பது. பயிற்சிக்காரர் தப்பான ஆர்டர்களை மட்டும் வரிசையாகக் காட்டினார். எல்லாம் மூன்றே மூன்று வார்த்தைகள். அசைட், அவுட், ஆஃப். உடைந்த பெட்டியை ஒதுக்கச் சொன்னால் லாரிக் கதவுக்குத் தள்ளிவிடுகிறாள். கதவுக்குத் தள்ளச் சொன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடுகிறாள்.

“மத்ததெல்லாம் தங்கம்க்கா. இந்த மூணுதான். நாளைக் காலையில கடைசிப் பயிற்சி. வெள்ளிக்கிழமை கிடையாது, நாங்க டெஸ்டுக்கு ஏற்பாடு பண்ணணும்.”

அன்று சாயங்காலம் வீட்டில் கோட்டைக் கழற்றி மடித்தவள், மடித்த கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கணவர் வந்து பார்த்தார்.

“துடைப்பத்தைப் பிடிக்கிறது ஒண்ணும் கேவலம் இல்லைங்க. நானே மூணு வருஷம் பிடிச்சவதான்” என்றாள் அக்கா. “ஆனா அங்கேயிருந்து இங்கே வந்துட்டு, மறுபடி அங்கே போய் நின்னு, என் ரேக்ல வேற யாரோ தப்பா அடுக்கறதைப் பார்த்துக்கிட்டே பெருக்கணுமே. அதை நினைச்சாத்தான்...” அழுதாள்.

கணவர் கோட்டை அவள் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினார். “இன்னும் மூணு நாள் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை கடைசிப் பயிற்சி. எண்பத்தொன்பது.

மத்தியானத்துக்கு மேல் ஐந்தாவது சந்தில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஷாம்பூ வந்திருந்தது. இரண்டு வகை. இரண்டுக்கும் ஒரே பச்சைப் பெட்டி, ஒரே எழுத்து, ஒரே அளவு. மூலையில் இருக்கும் ஒரு சின்ன எண்தான் வித்தியாசம். கிடங்குக்காரர்கள் இந்த மாதிரிச் சரக்கை இரட்டை என்பார்கள். இரட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. வைத்தால் எடுக்க வருகிறவன் கை பத்துக்கு நாலு தடவை மாறிப்போகும். ஒன்று ஐந்தாவது சந்தில் என்றால் மற்றது பதினொன்றாவதில். எழுதிவைத்த விதி இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது. ஃபோர்க்லிஃப்ட் அண்ணனுக்கும் தெரியும்தான். அன்று அவருக்கும் டெஸ்ட் கவலை. பெட்டிகள் அடுக்கிய இரண்டு மரப் பேலட்டையும் ஒட்டி ஒட்டி ஏற்றிவிட்டார்.

அக்காவுக்கு இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்த ஆத்திரமெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணே! கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்துட்டீங்களா? ஒரே முகத்தை ஒட்டி வெச்சா எடுக்கறவனுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்? அவன் தப்பா எடுத்தா அது அவன் தப்பா, வெச்சவன் தப்பா? இரட்டையைப் பிரிச்சு வைங்க, பிரிச்சு வைங்கன்னு எத்தனை தடவை...”

சத்தம் பாதியில் நின்றுபோனது. அண்ணன் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மிச்சத் திட்டு வரவில்லை. அக்கா டிராலியை அங்கேயே விட்டுவிட்டுப் பதினான்காவது சந்தைப் பார்த்து ஓடினாள்.

அசைட், அப், அவுட், அவே, ஆஃப், ஆன். மகள் அகரவரிசைப்படி எழுதிக் கொடுத்தாள். இவளும் அகரவரிசைப்படியே அடுக்கிவிட்டாள். ஒரே முகம் உள்ளதெல்லாம் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு முதல் ஆறு ரேக்கில் நின்றது. புதிதாக வேலைக்கு வந்தவர்கூடச் செய்யாத காரியம். பதினாறு வருஷம் ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் தன் சரக்கை இப்படியா அடுக்குவாள்! அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்தாள்.

மூன்று சீட்டுகளையும் உரித்தெடுத்தாள். அசைட்டைக் கொண்டுபோய் முதல் சந்தின் கோடியில், உடைந்த சரக்கு போட்டுவைக்கும் கம்பிக் கூண்டில் ஒட்டினாள். அவுட் லாரிக் கதவுக்குப் போனது. ஆஃப் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அப்புறம் டீ மெஷினுக்குப் போய் அதன் பக்கவாட்டில் ஒட்டினாள். இந்தக் கிடங்கில் வேலையைத் தள்ளிப் போடுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுதானே. வெள்ளிக்கிழமை முழுக்க, சரக்கு ஏற்றிய நேரம் போக, கூண்டுக்கும் கதவுக்கும் டீ மெஷினுக்கும் நடந்தாள். சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான் வழியில்லை. ஹெட்செட்டுகளைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. முதல் இரண்டு சந்துகளைக் கயிறு கட்டிப் பிரித்து டெஸ்டுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேனேஜர் ஒரு நாற்காலியில், பயிற்சிக்காரர் டேப்லெட்டோடு அவர் பக்கத்தில். அக்கா முப்பத்திரண்டாவது ஆள். அவளுக்கு முன்னால் போன பட்டதாரிப் பெண் தொண்ணூற்றாறு வாங்கிக் கைதட்டோடு வந்தாள். இன்னும் சில பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மாமியார் ஆரம்பித்தாள். நாலாவது ஆர்டரில் அக்கா அவசரப்பட்டாள். ஏழு என்று காதில் விழுந்தும் ஆறு பெட்டிதான் வைத்தாள். இடுப்பில் மாட்டியிருந்த பொத்தான் பெட்டியில் சிவப்பு விளக்கு. பதினோராவதில் தட்டு மாறியது. மறுபடி சிவப்பு. ஐந்துதான் தப்பலாம், தொடக்கத்திலேயே இரண்டு போய்விட்டது. அக்கா ஒரு நொடி நின்று, கோட்டுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்குத்தானே சத்தமாகவே சொன்னாள்: “அவசரம் என்ன? சரக்கு எங்கேயும் ஓடிடாது.”

அதன்பின் கால் பிடித்துக்கொண்டது. புட் பேக், போனாள். புட் டுகெதர், சேர்த்தாள். புட் அப், ஏணியை இழுத்தாள். நாற்பதைத் தாண்டி, ஐம்பதைத் தாண்டி, அறுபத்து மூன்றாவது ஆர்டருக்கு மாமியார் சொன்னாள், புட் ஆஃப். டீ மெஷின் கண்ணில் வந்து நின்றது. அதன் பக்கத்தில் சோம்பலாக ஒரு கூட்டமே நின்றது. மஞ்சள் சீட்டை ஒட்டிவிட்டு நகர்ந்தாள். பச்சை. அடுத்ததே புட் அவுட். வெளிச்சம் அடிக்கும் லாரிக் கதவு. தள்ளினாள். பச்சை. கொஞ்சம் தள்ளி புட் அசைட், கம்பிக் கூண்டு, பச்சை. இத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் மாட்டிக்கொண்டு அவளை ஏய்த்த மூன்றும் இப்போது மூன்று ஊரில் இருந்தன. மாற வழியே இல்லை. அதற்கப்புறம் அந்த மூன்றும் பதினாறு முறை வந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. எண்பத்தெட்டில் ஒரு எண்ணைத் தவறாகக் கேட்டாள், அவ்வளவுதான்.

நூறாவது முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது காதைச் சுற்றி வியர்த்திருந்தது. பயிற்சிக்காரர் டேப்லெட்டை அவளிடம் நீட்டவில்லை, மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் ஒருமுறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“தொண்ணூத்தேழு” என்றார். பிறகு எழுந்து நின்று, கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னார். “அக்கா தொண்ணூத்தேழு!”

கிடங்கே அதிர்ந்தது. யாரோ விசில் அடித்தார்கள். யாரோ இரும்பு ரேக்கைக் கையால் தட்டித் தாளம் போட்டார்கள். பட்டதாரிப் பெண் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நேரக் கணக்கில் அக்கா பதினெட்டாவதுதான், அதை யாரும் கேட்கவில்லை. மத்தியானம் நாற்பதாவது ஆள் முடித்து வந்த பிறகும் அவள் மதிப்பெண்ணை யாரும் தாண்டியிருக்கவில்லை.

“எங்கேக்கா படிச்சீங்க?” என்று கேட்டார் பயிற்சிக்காரர்.

“பதினாலாவது சந்துல. மூணு வார்த்தை மட்டும் வெளியூர்ல.”

ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் சரியாகத் தொண்ணூற்றைந்து எடுத்திருந்தார். மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

“ஒரு விஷயம் சொல்றேன், கத்தக் கூடாது. நீ சீட்டு ஒட்டினதிலிருந்து உனக்குத் தெரியாம நானும் தினமும் அந்தச் சந்துல நடந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நேத்து பைத்தியம் மாதிரி டீ மெஷின்கிட்டயே பத்துத் தடவை போனேன்.”

“அதான் பார்த்தேன், நேத்து வேலையே நடக்கலையேன்னு” என்றாள் அக்கா. ஆனால் கத்தவில்லை.

ஏழு பேர் தேறவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு என்றார் மேனேஜர். பதினான்காவது சந்துக்குச் சரக்கு வந்தாலும் அதுவரைக்கும் அந்தச் சீட்டுகளை யாரும் கிழிக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டார். டீ மெஷினில் ஒட்டியதையும் சேர்த்து.

சாயங்காலம் தேறியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார் பயிற்சிக்காரர். டெஸ்டில் பொத்தானை அழுத்தித்தான் பதில் சொன்னார்கள். திங்கட்கிழமையிலிருந்து வாயால் சொல்ல வேண்டுமாம். அதற்கு அவரவர் குரலை மெஷினுக்குப் பழக்க வேண்டும். அக்காவுக்கென்று ஒரு புது ஹெட்செட்டை எடுத்துக் கொடுத்து, ஒன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் இங்கிலீஷில் சரியாகவே ஏறின. எட்டில் நின்றது. புரியவில்லை, மறுபடி சொல் என்றது மெஷின். சொன்னாள். மறுபடி புரியவில்லை என்றது. பயிற்சிக்காரர் சங்கடப்பட்டார்.

“கொஞ்சம் ஸ்டைலா, அந்தக் குரல்ல சொல்ற மாதிரி சொல்லிப் பாருங்கக்கா.”

அக்கா ஹெட்செட்டின் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“தம்பி, அது சொல்றதை நான் பன்னெண்டு நாள்ல கத்துக்கிட்டேன். நான் சொல்றதை அது கத்துக்கட்டும். நான் இப்படித்தான் சொல்வேன்.”

தான் எப்போதும் சொல்வது போலவே, கிடங்கில் எல்லோருக்கும் கேட்கும்படி, அதே எட்டை அதே மாதிரி இன்னும் இரண்டு முறை சொன்னாள். மெஷினில் ஏறிக்கொண்டது. அக்கா ஒன்பதைச் சொன்னாள்.